குழுக் கணக்கை நோட்டிலிருந்து தரவுத்தளத்துக்கு மாற்றலாமா?

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் கையில் ஒரு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதில் பெயர், முகவரியோடு நீளமாக ஒரு விண்ணப்ப எண்ணும் இருக்கும். ஒரு வாரம் கழித்துப் போய், 'பேர் சொல்றேன், என்னாச்சுன்னு பாருங்களேன்' என்று கேட்டால், 'நம்பர் சொல்லுங்க' என்றுதான் பதில் வரும். அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அங்கே உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த எண் மட்டும்தான்.

அப்படி ஒரு தரவுத்தளத்தை நீங்களே அமைத்து, நிர்வகிக்கவும் முடியும். மென்பொருளுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. தேவை, ஓரளவு நல்ல லேப்டாப் ஒன்று, வீட்டில் டிப்ளமோவோ டிகிரியோ படிக்கும் பிள்ளை ஒருவர், கொஞ்சம் பொறுமை. எடுத்துக்காட்டாக, ஓர் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 20 மகளிர் சுய உதவிக் குழுக்கள், குழுவுக்கு 15 பேர், மொத்தம் 300 உறுப்பினர்கள். மாதச் சேமிப்பு, உள்கடன், தவணை, வட்டி என்று எல்லாம் நோட்டில் இருக்கிறது, இல்லையென்றால் யாரோ ஒருவருடைய லேப்டாப்பில் எக்செல் கோப்பாக இருக்கிறது. கணக்கு பிசகினால் அடிபடுவது 300 குடும்பங்களின் பணமும், பக்கத்து வீட்டாரோடு உள்ள உறவும்.

ஒரே ஊரில் நான்கு லட்சுமி

எக்செலில் பொதுவாக எப்படி எழுதுகிறோம்? ஒரு தவணைக்கு ஒரு வரி: பெயர், குழுவின் பெயர், கைபேசி எண், தேதி, தொகை. லட்சுமி 24 தவணை கட்டினால் அவர் பெயரும் கைபேசி எண்ணும் 24 முறை எழுதப்படும். சில இடத்தில் 'லட்சுமி', சில இடத்தில் 'லக்ஷ்மி', அவசரத்தில் 'எஸ்.லட்சுமி'. அவர் சிம் கார்டு மாற்றினால் 24 இடத்தில் திருத்த வேண்டும். 20 இடத்தில் திருத்தி 4 இடத்தில் விட்டுவிட்டால், எது சரியான எண் என்று யாருக்கும் தெரியாது. அதே ஊரில் இன்னும் மூன்று லட்சுமி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கான தீர்வை 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு செய்தியை ஒரே இடத்தில் மட்டும் எழுது, மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் குறிப்பிடு. இப்படி ஒன்றோடொன்று எண்ணால் உறவு கொண்ட அட்டவணைகளின் தொகுப்பைத்தான் உறவுமுறைத் தரவுத்தளம் என்கிறோம்.

நம் கூட்டமைப்புக்கு நான்கு அட்டவணைகள் போதும். முதலாவது 'குழு'. இரண்டாவது 'உறுப்பினர்': உறுப்பினர் எண், பெயர், குழு எண், கைபேசி. மூன்றாவது 'கடன்': கடன் எண், உறுப்பினர் எண், தொகை, தேதி. நான்காவது 'ரொக்கம்': வரவு, செலவு எல்லாமே இதில் தேதிவாரியாக. லட்சுமியின் பெயர் உறுப்பினர் அட்டவணையில் ஒரே ஒரு முறை வரும், எண் 117 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் அட்டவணையில் '117' மட்டும் இருக்கும். அவர் கைபேசி எண் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

அந்த 117-க்குப் பெயர் பிரைமரி கீ. கைபேசி எண்ணையே அடையாளமாக வைத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். மாமியாரும் மருமகளும் ஒரே எண்ணைக் கொடுக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன, எண்ணும் மாறும். ஆதார் எண்ணை வைக்கலாமா என்றால், அதற்கு நம் அட்டவணையில் கட்டமே வைக்காதீர்கள். தவணை வசூலிக்க ஆதார் எதற்கு? இல்லாத தகவல் திருடு போகாது.

எந்த மென்பொருள்?

ஒரு வேடிக்கை, உங்கள் ஸ்மார்ட்போனிலேயே ஏற்கெனவே தரவுத்தளங்கள் இயங்கிக்கொண்டிருக்கின்றன. ஆண்ட்ராய்டில் தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் எழுதிய அந்த மென்பொருளுக்கு உரிமைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஒரே ஆள், ஒரே கருவி என்றால் அது அருமையானது. பல பேர் பல கணினியிலிருந்து ஒரே நேரத்தில் பதிவு போட வேண்டும், ஆளுக்கேற்ற அனுமதி வேண்டும் என்றால், சர்வராக இயங்கும் தரவுத்தளம் வேண்டும்.

அதற்குக் கட்டற்ற மென்பொருளாகக் கிடைப்பவற்றில் பிரபலமானவை மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்கியூஎல். முதல் இரண்டையும் தொடங்கியவர் மாண்டி விடேனியஸ். 'மை', 'மரியா' இரண்டும் அவருடைய மகள்களின் பெயர்கள். இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. பெர்க்லி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஆய்வுத் திட்டம், 1996-இல் இந்தப் பெயரைப் பெற்றது. தனி முதலாளி கிடையாது. உலகம் முழுவதும் உள்ள நிரலாளர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறார்கள். மத்திய அரசும் 2015-இல் கட்டற்ற மென்பொருள் பயன்பாட்டுக்கு ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது.

விண்டோஸில் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி ஓட்டினால் போதும். நடுவில் 'போஸ்ட்கிரெஸ்' என்ற தலைமைப் பயனருக்கு ஒரு கடவுச்சொல் கேட்கும். அதை மறந்தால் பிறகு தலைவலி, எழுதிப் பத்திரமாக வையுங்கள். உபுண்டுவில் ஒரே ஒரு கட்டளையில் நிறுவிவிடலாம். கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே படிக்க வசதியாக ஒலிப்பைத் தமிழில் தந்திருக்கிறோம்.

தப்பான தகவலை வாசலிலேயே நிறுத்த

நோட்டில் யார் என்ன எழுதினாலும் நோட்டு ஏற்றுக்கொள்ளும். எக்செலும் கிட்டத்தட்ட அப்படித்தான். தரவுத்தளம் மட்டும் 'இதை ஏற்க மாட்டேன்' என்று சொல்லும், நீங்கள் விதி போட்டிருந்தால். இந்த விதிகளுக்காகவே தரவுத்தளத்துக்கு மாறலாம்.

'நாட் நல்' என்று போட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. 'ஃபாரின் கீ' என்று கடன் அட்டவணையின் உறுப்பினர் எண்ணுக்குப் போட்டால், இல்லாத உறுப்பினர் 999-க்குக் கடன் எழுத முடியாது. கடன் பாக்கி இருக்கும் உறுப்பினரின் வரியைத் தெரியாமல் அழிக்கவும் விடாது. 'செக்' என்று போட்டால் நீங்கள் சொல்லும் நிபந்தனையைச் சரிபார்க்கும்: தவணைத் தொகை பூஜ்ஜியத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், இப்படி.

வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 11 எழுத்துகள். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம், கடைசி ஆறு கிளை. அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்துவிடுவது சர்வ சாதாரணம், கண்ணுக்கும் தெரியாது. நீளம் 11, ஐந்தாவது பூஜ்ஜியம் என்று ஒரு 'செக்' போட்டுவிட்டால் அந்தப் பிழை சேமிக்கும்போதே பிடிபட்டுவிடும். பணம் அனுப்பும் நாளில் வங்கியிலிருந்து திரும்பி வந்த பிறகு தேட வேண்டியதில்லை.

கட்டத்தின் வகையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பணத்துக்கு 'நியூமெரிக்' வகை. 'ஃப்ளோட்' என்று இன்னொன்று இருக்கிறது. அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். அறிவியல் கணக்குக்கு அது பரவாயில்லை, வட்டிக் கணக்குக்கு ஆகாது. வங்கிக் கணக்கு எண்ணை 'டெக்ஸ்ட்' வகையில் வையுங்கள். எண் வகையில் வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்கள் காணாமல் போகும். தேதியை 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் அது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறும்.

தமிழில் பெயர் எழுதும்போது

பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், வைக்கவும் வேண்டும். 'உறுப்பினர்', 'கடன்' என்று அட்டவணையின் பெயரையே தமிழில் வைக்கவும் போஸ்ட்கிரெஸ் அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பெயர் 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் 21 குறியீடு வரைதான்.

குறியீடு வேறு, எழுத்து வேறு. 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரில் நமக்குத் தெரிவது 8 எழுத்து. கணினிக்கு அது 15 குறியீடு, ஏனென்றால் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'பெயருக்கு 10 எழுத்து போதும்' என்று யாராவது அளவு வைத்தால் கிருஷ்ணமூர்த்தி உள்ளே நுழைய முடியாது. பெயருக்கு அளவே வைக்காத 'டெக்ஸ்ட்' வகைதான் நல்லது. தரவுத்தளத்தை உருவாக்கும்போது எழுத்துமுறை 'யூடிஎஃப்-8' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மைஎஸ்கியூஎலில் 2018-இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்பு இயல்பான எழுத்துமுறை லத்தீனுக்கானது. அதை மாற்றாமல் விட்ட இடங்களில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகப் போய் நின்றன. போன எழுத்து போனதுதான்.

இன்னொரு சிக்கல் தேடும்போது வரும். 'கோமதி'யின் முதல் எழுத்தை ஒரு கீபோர்டு க-வோடு ஓ-காரக் குறி ஒன்றே ஒன்றாகச் சேமிக்கும். இன்னொன்று க, இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகச் சேமிக்கும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. கணினி அவற்றை வேறு வேறு பெயர் என்று எடுத்துக்கொள்ளும், 'அப்படி ஒருவர் இல்லை' என்று சொல்லும். கோமதி எதிரில் நின்றுகொண்டிருப்பார்! பதிப்பு 13 முதல் போஸ்ட்கிரெஸில் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது. பெயரைச் சேமிக்கும்போதே அதன் வழியாகச் செலுத்திவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

அகரவரிசைக்கும் இதே கதைதான். யூனிகோடு எண் வரிசையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து வருகிறது, 'ற' எழுத்து 'ர'வுக்கு அடுத்து, 'ள'வும் 'ழ'வும் 'வ'வுக்கு முன்பு. அப்படியே வரிசைப்படுத்தினால் பட்டியல் தமிழ் அகராதி வரிசையில் இருக்காது. வரிசைப்படுத்தும் கட்டளையில் தமிழுக்கான ஐசியு வரிசைமுறையைக் குறிப்பிட்டால் சரியாகிவிடும்.

பாதியில் நின்றால் நடந்ததே இல்லை

லட்சுமிக்கு 10,000 ரூபாய் உள்கடன் தருகிறீர்கள். கடன் அட்டவணையில் ஒரு வரி எழுத வேண்டும், ரொக்க அட்டவணையில் செலவாக ஒரு வரி எழுத வேண்டும். முதல் வரி எழுதியதும் கரண்ட் போய்விட்டது. இப்போது லட்சுமி பெயரில் கடன் இருக்கிறது, ஆனால் பெட்டியிலிருந்து பணம் வெளியே போனதாகக் கணக்கு இல்லை. மாதக் கடைசியில் 10,000 உதைக்கும். சந்தேகம் யார் மேல் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தரவுத்தளத்தில் இதற்கு டிரான்ஸாக்‌ஷன் என்று ஒரு முறை உண்டு. 'பிகின்' என்று தொடங்கி, இரண்டு வரிகளையும் எழுதி, 'கமிட்' என்று முடிக்க வேண்டும். கமிட் சொல்வதற்கு முன்னால் என்ன ஆனாலும், கரண்ட் போனாலும், லேப்டாப் கீழே விழுந்தாலும், இரண்டு வரிகளுமே இல்லை. கமிட் ஆனது என்று பதில் வந்துவிட்டால் இரண்டுமே நிச்சயம் இருக்கும்.

இதை எப்படிச் சாதிக்கிறது? நம்மூர்க் கடைக்காரர்களின் பழைய பழக்கம்தான். வியாபார நேரத்தில் எல்லாவற்றையும் முதலில் சிட்டையில் நடந்த வரிசையில் எழுதுவார்கள். ராத்திரி கடை சாத்திய பிறகு சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு ஏற்றும்போது தடங்கல் வந்தாலும் சிட்டை இருக்கிறதே. போஸ்ட்கிரெஸும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 'வால்' என்ற சிட்டையில் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதி செய்த பிறகே கமிட் ஆனதாகச் சொல்கிறது. அட்டவணைக் கோப்பில் நிதானமாக ஏற்றிக்கொள்ளும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் சிட்டையைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

'அப்படியென்றால் யுபிஐ-யில் ஏன் நம் கணக்கில் பணம் கழிந்து, எதிர்க் கணக்கில் சேராமல் நிற்கிறது?' நல்ல கேள்வி. உங்கள் வங்கியின் தரவுத்தளம் வேறு, அவர் வங்கியுடையது வேறு. ஒரே பிகின், கமிட்டுக்குள் இரண்டையும் அடக்க முடியாது, நடுவில் செய்திப் பரிமாற்றம் இருக்கிறது. அதனால்தான் தனி விதி வைத்திருக்கிறார்கள். தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ பணம் இப்படி நின்றால் பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை வெளியிட்டது. கடைக்காரருக்கு அனுப்பியதென்றால் 5 நாள் அவகாசம். அப்படி நிற்கும்போது பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் அதைத்தான் கேட்பார்கள்.

திரும்ப நம் கணக்குக்கு வருவோம். பிகின், கமிட் பழக்கம் இன்னொரு ஆபத்திலிருந்தும் காப்பாற்றும். லட்சுமியின் கைபேசி எண்ணை மாற்ற 'அப்டேட்' கட்டளை எழுதுகிறீர்கள். கடைசியில் 'வேர் உறுப்பினர்_எண் = 117' என்று எழுத மறந்துவிட்டால், 300 பேருக்கும் லட்சுமியின் எண்ணே பதிந்துவிடும். 'நிச்சயமா?' என்றெல்லாம் அது கேட்காது. கேட்காமல் செய்துவிட்டு 'அப்டேட் 300' என்று ஒரு வரி காட்டும். அந்த எண்ணைப் பாருங்கள். பிகின் சொல்லித் தொடங்கியிருந்தால், 300 என்று வந்ததும் 'ரோல்பேக்' என்று அடித்தால் போதும், எதுவும் நடக்காதது போல் ஆகிவிடும். 'அப்டேட் 1' என்று வந்தால் மட்டும் கமிட். அனுபவசாலி நிர்வாகிகளே இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

யார் கையில் எந்தச் சாவி

நிறுவும்போது உருவாகும் 'போஸ்ட்கிரெஸ்' பயனர் எதையும் செய்யலாம், எல்லாவற்றையும் அழிக்கலாம். தினசரி வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. பதிவு போடும் ஊக்குநர்களுக்கு ஆளுக்கொரு பயனர் பெயரை உருவாக்கிக் கொடுங்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டாம். 'கிராண்ட்' கட்டளையால் அவர்களுக்கு வரி சேர்க்கவும் பார்க்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். தணிக்கைக்கு வருபவருக்குப் பார்க்க மட்டும். ரொக்க அட்டவணையில் அழிக்கும் அனுமதி யாருக்கும் வேண்டியதில்லை. தவறாக 500 வரவு எழுதிவிட்டால், அதை அழிக்காமல் 500 எதிர்வரி ஒன்று எழுதிக் காரணம் குறிப்பிடுங்கள். நோட்டில் ஒயிட்னர் பூசக் கூடாது என்று சொல்கிறோமே, அதே காரணம்தான்.

நிறுவியவுடன் போஸ்ட்கிரெஸ் அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து இணைய வேண்டும் என்று அதன் 5432 வாயிலை இணையத்துக்கே திறந்துவிடாதீர்கள். திறந்த வாயிலைத் தேடி உலகம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அனுமதிக் கோப்பில் 'ட்ரஸ்ட்' என்று எங்காவது இருந்தால், கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடும் என்று பொருள். 'ஸ்க்ராம்' என்று மாற்றுங்கள்.

நகல் இருக்கிறதா என்றால் போதாது

2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனம், உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்துகிறது. அதன் தரவுத்தளமும் போஸ்ட்கிரெஸ்தான். முதன்மை சர்வர் ஒன்று, அதைப் பார்த்துப் பிரதி எடுக்கும் துணை சர்வர் ஒன்று. அன்று துணை சர்வர் பின்தங்கிவிட்டதால், அதிலிருந்த பழைய கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரதி எடுக்கலாம் என்று ஒரு பொறியாளர் இரவில் உட்கார்ந்து வேலை செய்தார். அழிக்கும் கட்டளையைத் துணை சர்வருக்குப் பதில் முதன்மை சர்வரில் ஓட்டிவிட்டார். ஓரிரு விநாடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பரவாயில்லை, நகல் இருக்குமே என்று போய்ப் பார்த்தார்கள். தினசரி நகல் எடுக்கும் நிரல் பழைய பதிப்பாக இருந்ததால் தரவுத்தளத்தின் புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு நாளும் தோல்வியடைந்து கொண்டிருந்தது. சேமிப்புக் கிடங்கு காலி. தோல்வியை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை, அவற்றையும் மின்னஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. வட்டு நகல் வசதி தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறு ஒரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அதிலிருந்து மீட்டார்கள். நடுவில் போன ஆறு மணி நேரத் தகவல் போனதுதான். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிறகு நடந்ததை மறைக்காமல் விரிவான அறிக்கையும் வெளியிட்டார்கள். அந்தப் பொறியாளரின் பெயரை அறிக்கையில் போடவில்லை, அது நல்ல பண்பு. ஒருவருடைய கை தவறியதால் மட்டும் அது நடக்கவில்லை. எடுத்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று யாரும் பார்த்ததில்லை.

அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், நம் 300 பேர் கணக்குக்கு என்ன செய்யலாம்? 'பிஜி டம்ப்' என்ற நிரல் போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வருகிறது. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு நகலையும் ஒரே கோப்பாக எடுத்துத் தரும். தரவுக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் போதாதா என்று கேட்பார்கள். சர்வர் ஓடும்போது அப்படி எடுத்த நகல் பெரும்பாலும் பயன்படாது, ஏனென்றால் சில கோப்பு பத்து மணி நிலையிலும் சில கோப்பு பத்து மணி ஒரு நிமிட நிலையிலும் இருக்கும். பிஜி டம்பில் பயனர்களும் கடவுச்சொற்களும் சேராது. அவற்றுக்கு 'பிஜி டம்ப்ஆல்' நிரலைப் பொதுத் தகவலுக்கு மட்டும் என்று சொல்லித் தனியாக ஓட்ட வேண்டும்.

ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் நகல் எடுங்கள். ஒன்று அதே லேப்டாப்பில், இன்னொன்று பென் டிரைவில், வேறு ஒரு பொறுப்பாளர் வீட்டில். கடவுச்சொல் போட்டுப் பூட்டி வையுங்கள், அதில் 300 பேரின் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. 'பத்திரமா இருக்கட்டும்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 'சோதனை' என்ற பெயரில் புதிய காலித் தரவுத்தளம் ஒன்று உருவாக்கி, பென் டிரைவில் இருக்கும் நகலை 'பிஜி ரிஸ்டோர்' கொண்டு அதில் ஏற்றுங்கள். முடிந்தால் வேறு லேப்டாப்பில். பிறகு இரண்டே கேள்வி கேளுங்கள்: உறுப்பினர் எத்தனை பேர், ரொக்க அட்டவணையின் கூட்டுத்தொகை எவ்வளவு? நகல் எடுத்த அன்று குறித்து வைத்த எண்களோடு பொருந்த வேண்டும். அதோடு நாலைந்து உறுப்பினர்களை அழைத்து, அவர்கள் கையில் இருக்கும் பாஸ்புக்கோடும் ஒப்பிடுங்கள். கணினிக்கு மாறினாலும் பாஸ்புக் எழுதுவதை நிறுத்தக் கூடாது. பொருந்தியதென்றால் தேதி போட்டு, யார் மீட்டுப் பார்த்தார் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, இரண்டு பிரதிநிதிகளிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, 'சோதனை' தரவுத்தளத்தை நீக்கிவிடுங்கள். நீக்குவதற்கு முன்னால் பெயரை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.